பச்சைத் தண்ணீர் போதும்

முதல் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நான் இங்கே இருக்கிறேன். நலமா என்று கேட்டால், இருக்கிறேன் என்பதுதான் பதில். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் அம்மாவும் என்னைவிட நன்றாக இருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ என்ன பேசுகிறாய்? "சாப்டாச்சாப்பா, மாத்திரை போட்டாச்சாப்பா, அப்புறம் கூப்பிடுறேன்ப்பா." அந்த அப்புறம் எப்போது வரும் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இப்போது என் உத்தியோகம். நீயோ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். கப்பல் ஊதி ஊதிப் பாதி போன காது எனக்கு. மீதிக் காதில் மாப்பிள்ளை இருமுவது விழுகிறது, நீ பேசுவது விழுவதில்லை. கடிதம் என்றால் நடுவில் யாரும் வெட்ட முடியாது. முடிகிற வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

லிப்ட் மறுபடியும் ஓடவில்லை. மூன்று மாடியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் பையைத் தூக்கி வந்து கொடுக்கிறார், ஆனால் ஒவ்வொரு படியிலும் "என்ன பெரியவரே, அம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்கிறார். பையை நானே தூக்கிவிடலாம் போல இருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. உன் அம்மா கட்டிலை அப்படியே வைத்திருக்கிறேன். போர்வையை மட்டும் துவைத்து மடித்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, மறக்கத் தெரியாது. துறைமுகத்தில் கயிறு கட்டின காலத்தில் எந்தக் கப்பல் எந்த மழையில் எந்தப் பக்கம் இடித்துக்கொண்டு வந்து நின்றது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு நம் கூடத்தில் நடந்ததும் அப்படித்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

உன் அம்மாவுக்குக் கால் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீங்கள் இரண்டு பேரும் ஓடி வந்தீர்கள். "உப்பை அறவே நிறுத்தச் சொன்னேனே, எங்கிருந்தோ உள்ளே போய்க்கிட்டுத்தான் இருக்கு" என்று டாக்டர் உன் எதிரில் என்னைத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நீ சமையலறையைக் குடைந்தாய். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. குளியலறையில் சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால் உப்புப் பொட்டலம் இருந்தது. அதற்குள் ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு மக். அத்தனையையும் கொண்டுவந்து, கொலைக் கத்தியை வைப்பது போல டீப்பாய் மேல் வரிசையாக வைத்தாய்.

அது ஜன்னலோரச் செடிக்கு என்று சொன்னேன். உன் அம்மா கண்ணில் பட்டால் ஆசை வரும் என்றுதான் ஒளித்து வைத்தேன் என்றும் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். அடிபட்ட கார்களைப் பார்த்து, யார் சொல்வது நிஜம், யார் சொல்வது பொய் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு. நானும் அவருக்கு ஓர் அடிபட்ட வண்டிதான். "செடிக்கு உப்பா? மாமா, கதை சொல்றதுன்னா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுங்க" என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அந்தச் செடிக்கு நான் உப்புக் கரைத்து ஊற்றுவது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்க, அவர் ஆசையாத்தான் செஞ்சிருப்பாரு" என்றாள்.

நீ அழுதாய். அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அழுதாய். அவள் வாயில் நான் உப்பைத் திணித்தேன் என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதையும் என்னை மன்னிக்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

கேட்டுக்கொள், பாப்பா. அவளுக்கு உப்பு ஆகாது என்று சொன்ன நாளிலிருந்து நானும் உப்பில்லாமல்தான் தின்றேன். ஒரே பானை, ஒரே கரண்டி. எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து நான் மட்டும் ருசியாகத் தின்ன வாய் வரவில்லை. இப்போது அவள் இல்லையே என்று போன வாரம் ஒரு கிள்ளு போட்டுக்கொண்டேன். வாய் கசந்தது. இலையோடு சுருட்டிப் போட்டுவிட்டேன்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என்னோடு இருந்து அலுத்துப்போய்விட்டது. மகள் வீட்டுக்குப் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நீங்கள் டீப்பாயில் கொண்டுவந்து வைத்தீர்கள், எடுத்துக்கொண்டாள். தையல்காரம்மா இங்கே பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் பொண்ணுக்கு எழுதுற பேச்சா அய்யா?" என்று கேட்கிறார். எழுதுங்கள் என்கிறேன்.

அங்கே வந்ததும் வீக்கம் வடிந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னாய். சந்தோஷம். அதைச் சொன்ன குரலில், பார்த்தீர்களா என்று ஒன்று தொங்கியது. அதுவும் காதில் விழுந்தது. நான் செய்ததை ஒத்துக்கொண்டு, இனிமேல் செய்யமாட்டேன் என்று சொன்னால் அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாயாம். பொய் சொன்னதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லையாம். செய்யாததை ஒத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. அவள் அங்கேயே இருக்கட்டும்.

செடியில் ஒரு கிளை வெட்டி அனுப்பச் சொல்லி உன் அம்மா தினமும் கேட்கிறாளாம். அவளுக்கு அந்தச் செடி மேல் அவ்வளவு பிரியமா என்று நீயும் உருகுகிறாய். அது எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்காது. வேலையை விட்டு நின்ற அன்று, கப்பல் கயிறு மாட்டுகிற இரும்புக் குத்திக்கு அடியில், எண்ணெயும் சேறுமாகக் கிடந்த இடத்தில் படர்ந்திருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். சிவந்த தண்டு. விரல் மாதிரித் தடித்த இலை. காலையில் வெயில் ஏறினதும் சின்னதாய் ஊதாச் சாயலில் ஒரு பூ விரியும், மத்தியானம் மூடிக்கொள்ளும். வேலையிலிருந்து இவ்வளவுதான் கொண்டுவந்தீர்களா என்று கேட்டுவிட்டு, அவளே பழைய பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்ததும் அவள்தான். "உங்க சக்களத்திக்குத் தண்ணி வச்சாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

பாதிக்குப் பாதி மணல் போட்டேன். உப்புத் தண்ணீரில் வளர்ந்தது, குழாய்த் தண்ணீர் பிடிக்காது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் மக்கில் உப்புக் கரைத்து ஊற்றினேன். ஒரே பக்கம் சாயாமல் வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திருப்பி வைத்தேன். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தேன். அவள் படுத்த படுக்கையானதும் பூவைப் பார்க்கட்டும் என்று ஜன்னலோரம் அவள் கைக்கெட்டுகிற பலகைக்கே மாற்றினேன். இத்தனை செய்தும் அது வளரவில்லை. துளிர்க்கும், பிறகு பார்த்தால் இலை இருக்காது, மொட்டைக் குச்சியாக நிற்கும். காக்கை என்று வலை கட்டினேன். எலி என்று பொறி வைத்தேன். "பல்லியா இருக்கும்" என்றாள் உன் அம்மா.

கிளை அனுப்பமாட்டேன். போகிறபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவளுக்குச் சக்களத்தி எதற்கு? அது என்னோடு இருக்கட்டும். இருக்கிறது ஒன்றாவது இருக்கட்டும்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ருசி குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
(கைநாட்டு)

இரண்டாவது கடிதம்

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாகப் படிக்காதே. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவை. உன் அம்மாவையும் உட்காரவை. டிவியை நிறுத்து. கூடத்தில் நின்றுகொண்டு சத்தமாகப் படி. எனக்கு நடந்தது எப்படிக் கூடத்தில் நடந்ததோ, அப்படியே இதுவும் நடக்கட்டும்.

உன் பதில் வந்தது. தையல்காரம்மா படித்துக் காட்டினார். அம்மாவை நிரந்தரமாக அங்கேயே வைத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். என் பிடிவாதம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். இதைக் கேள்.

செடி வளர்ந்துவிட்டது.

உன் அம்மா போன பிறகு வெறுப்பில் அதைக் கவனிக்கவே கூடாது என்றிருந்தேன். ஆனால் கை கேட்கவில்லை. அதே மணல், அதே ஜன்னல், அதே உப்புத் தண்ணீர்தான். மழை விட்டு வெயில் வந்ததும் துளிர்த்தது. துளிர்த்தது அப்படியே நின்றது. டப்பா விளிம்பைத் தாண்டித் தொங்கி, பலகையிலிருந்து இறங்கி, அவள் கட்டில் சட்டத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. காலையில் எண்ண முடியாத பூ. ஜாக்கெட் தைத்த மீதித் துணி கொடுக்க வந்த தையல்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இது பூக்குமா அய்யா? நான் வந்தப்பல்லாம் மொட்டையாத்தானே நின்னுச்சு?" என்றார். நல்ல கைக்கு எல்லாம் வளரும் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கை அப்போதும் இதே கைதானே.

காக்கை போகவில்லை. எலி போகவில்லை. பல்லி இதோ சுவரில் இருக்கிறது. இந்த வீட்டைவிட்டுப் போனது ஒரே ஓர் ஆள்தான்.

தொங்கின கொடியை நூலால் கட்டும்போது ஓர் இலை ஒடிந்தது. வாயில் போட்டுக்கொண்டேன். பாப்பா, உப்பு. வாய் நிறைய உப்பு. தையல்காரம்மாவைக் கூப்பிட்டு ஓர் இலை கொடுத்தேன். முகத்தைச் சுளித்து, "இதைக் கிள்ளிப் போட்டா சோத்துக்கு உப்பே வேண்டாம் அய்யா" என்றார். நான் ஊற்றின உப்பையெல்லாம் அந்தச் சனியன் இலையில் சேர்த்து வைத்திருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. என் மண்டையில் போனது எதுவும் வெளியே போகாது, அடுக்கில் மட்டும் சில நேரம் அடியில் கிடக்கும். என்னோடு கயிறு இழுத்த ஒருவன், சோற்றில் உப்புக் குறைந்தால் குத்தியடியில் இருந்து இந்த இலையைக் கிள்ளிக் கடித்துக்கொள்வான். அதை உன் அம்மாவிடம் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னவன் நான். எந்த வீட்டில், எந்த விளக்கின் கீழ் சொன்னேன் என்பதுகூடத் தெரிகிறது. இப்போது டப்பா விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. நான் துடைத்ததே இல்லை, ஆனால் அவள் இருந்தபோது அது எப்போதும் துடைத்துச் சுத்தமாக இருக்கும். அவள் விரல்தான். நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்ட நாள் குறைவு. "சக்களத்திக்கு உப்புத் தண்ணி வச்சாச்சா?" என்று கேட்காத நாள் இல்லை. செடிமேல் என்ன பாசம் என்று நானும் உருகினேன். எப்போது பார்த்தாலும் வாய் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். கேட்டால் ஏலக்காய் என்பாள்.

பல்லி தழை தின்னும் என்று நம்பின மனிதன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆக, உப்பு அவள் வாய்க்குப் போன வழி அதுதான். மாப்பிள்ளை நம்புகிற மாதிரியே சொல்லியிருக்கிறேனா? இலையும் வைத்து அனுப்புகிறேன், கடித்துப் பார்க்கட்டும். இதைப் படிக்கும்போது உன் அம்மா முகத்தைப் பார். நான் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தைக்காகப் பார்த்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவர் ஆசையாகச் செய்திருப்பார் என்றாள். தாலி கட்டினவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, அதன் மேலே ஒரு பூவையும் வைத்தாள். எதற்காக? ஒரு கிள்ளு இலைக்காக.

நீ சின்னப் பிள்ளை அப்போது, உனக்குத் தெரியாது. துறைமுகக் கேன்டீனில் அவள் சமைத்த காலத்தில், இறக்குவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். அவ்வளவுதான், மறுபடி கரண்டியைத் தொடமாட்டாள். உப்புக் குறைவு என்றோ கூடுதல் என்றோ அத்தனை ஆம்பிளைகளில் ஒருத்தன் வாய் திறந்தது கிடையாது. கப்பல்காரர்கள்கூட இறங்கி வந்து சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நாக்குக்காரி, டாக்டர் சொன்ன பிறகு என் எதிரில் வெள்ளைச் சோற்றைப் பிசைந்து, நல்லாத்தான் இருக்கு என்று தின்றாள். நானும் நல்லாத்தான் இருக்கு என்று தின்றேன். நான் சொன்னது அவளுக்காகச் சொன்ன பொய். அவள் சொன்னது...

இங்கே தையல்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிறவர், இப்போது ஊசி இல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டு, "இதைக் கூடத்துல படிச்சு முடிச்ச பிறகு அந்தம்மா எழுந்து எங்க போவாங்க அய்யா?" என்று கேட்டார். அவள் அறைக்குப் போவாள் என்றேன். "கதவைச் சாத்திக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது. மூச்சு இழுத்தால் தெரியவேண்டும் என்று கதவைச் சாத்தக்கூடாது என்று வைத்திருக்கிறாய். நீதான் சொன்னாய். மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருப்பார். யார் சொல்வது நிஜம், யார் சொல்வது பொய் என்று பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்கு எதிரில் திறந்த கதவுக்குள் அவள் படுத்திருக்கவேண்டும். ஒவ்வொரு வேளையும் நீ தட்டைக் கொண்டுபோய் வைப்பாய், வைத்துவிட்டு அவள் வாயைப் பார்ப்பாய். என்னைப் பார்த்த மாதிரியே பார்ப்பாய். எனக்கு அது பழகிவிட்டது. அவளுக்குப் பழகாது.

"நான் மட்டும் படணுமா?" என்று கேட்டேன். தையல்காரம்மா, "அது நீங்க முடிவு பண்ணிக்குங்க. நான் எழுதுறவ" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. ஆனாலும் இதோடு நிறுத்தச் சொல்கிறேன். மேலே எழுத வேண்டாம்.

*(அய்யா இந்தக் கடிதத்தில் கைநாட்டு வைக்கவில்லை. தபாலில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிழித்துப் போடச் சொன்னார், எனக்கு மனம் வரவில்லை. துணி வெட்டுகிற மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். — தையல்காரம்மா)*

மூன்றாவது கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கும், பாப்பாவின் அம்மாவுக்கும்,

இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டு. மாப்பிள்ளை இருந்தால் இருக்கட்டும், தடையில்லை.

உங்கள் உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? இங்கே லிப்டைச் சரிசெய்துவிட்டார்கள். கண்டக்டருக்கு வேறு வழித்தடம் போட்டுவிட்டதால் படியில் கேள்வி கேட்க ஆள் இல்லை. குழாய் இன்னும் சொட்டுகிறது.

உப்புப் பேச்சை இனி யாரும் எடுக்க வேண்டாம். அன்றைக்கு நான் வீம்பு பேசினேன். சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது என் கை வைத்ததுதான். உன் அம்மா வாய்க்குள் போன உப்பு என் கையால் கரைத்த உப்புதான். நீ ஒத்துக்கொள்ளச் சொன்னாய், ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் அது நடக்காது. மிச்சமிருந்ததைக் குழாயைத் திறந்து கரைத்து ஓடவிட்டேன். தையல்காரம்மா சாட்சி. மாப்பிள்ளை கணித்தது சரியாகிவிட்டது என்று அவரிடம் சொல்லு, அவருக்கும் ஒரு சந்தோஷம்.

அம்மா கேட்ட செடியை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முன்பு கோபத்தில் மாட்டேன் என்றேன். வந்ததும் செய்யவேண்டியதைச் சொல்கிறேன், உன் அம்மா கேட்டுக்கொள்ளட்டும். ஈரத் துணியில் சுற்றிய தண்டுகள் இருக்கும். கணுவுக்குக் கீழே வெட்டி, வெட்டின வாயை ஒருநாள் காயவிட்டு அனுப்பியிருக்கிறேன். பாதி மணல் கலந்து, அடியில் ஓட்டை உள்ள எதிலாவது நட்டு வையுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. உங்கள் கூடத்தில் வெயில் எந்த ஜன்னலில் விழும் என்று எனக்குத் தெரியாது, விழுகிற ஜன்னலில் வையுங்கள். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு வெளுத்துப்போகும், பூக்காது. வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திருப்பி வையுங்கள்.

முக்கியமானது ஒன்று. பச்சைத் தண்ணீர் போதும். உப்புப் போடவே கூடாது.

இத்தனை காலம் நான்தான் தப்பாக நினைத்திருந்தேன். செடி விற்கிற தள்ளுவண்டிக்காரனிடம் ஒரு துண்டைக் காட்டிக் கேட்டேன். "அய்யா, இது உப்பைத் தாங்கும். உப்பு வேணும்னு எப்பவாச்சும் உங்ககிட்ட கேட்டுச்சா?" என்று கேட்டான். கேட்கவில்லைதான். தாங்குகிறது என்றால் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அதனால் பழைய மண்ணைக் கொட்டி, டப்பாவைக் கழுவி, புது மணலில் நட்டு, குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்துப் பார்த்தேன். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு நின்றது. பிறகு துளிர்த்தது. அந்தப் புதுத் துளிரில் வெட்டினதைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பழைய கிளை ஒன்றுகூட இல்லை. பூ முன்போலவேதான் இருக்கிறது, நிறம்கூட மாறவில்லை.

இனி பாப்பாவின் அம்மாவுக்கு. அது நீ நட்டு வளர்க்கப் போகிற செடி, பாப்பாவும் மற்றவர்களும் தொடவேண்டாம். அதன் இலையைக் கிள்ளுகிற உரிமை உனக்கு மட்டும்தான். உன் சக்களத்தியைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும்? இங்கே எனக்கும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், அதற்கும் பச்சைத் தண்ணீர்தான். என் சோற்றுக்கும் இன்னும் உப்பு இல்லை. உன் கட்டில் ஜன்னலோரத்தில் அப்படியே கிடக்கிறது. கதவுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன், சத்தமில்லாமல் சாத்துகிறது.

பாப்பா, நீ சொன்ன சொல் உனக்கு நினைவிருக்கும். ஒத்துக்கொண்டால் அம்மாவைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றாய். இப்போதே கிளப்ப வேண்டாம். அங்கே வீக்கம் வடிந்து நன்றாக இருக்கிறாள், நன்றாக இருக்கட்டும். என்னிடம் வரவேண்டுமா, உன்னோடு இருக்கவேண்டுமா என்று அவளையே கேள். ஆனால் இன்றைக்குக் கேட்காதே. செடி வேர் பிடிக்கட்டும், துளிர்க்கட்டும். அவள் தன் கையால் ஓர் இலை கிள்ளிப் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு கேள்.

உங்கள் எல்லாருக்கும் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டுகிற,
அப்பா
(கைநாட்டு)